கூரைக்கு முன்பு மனை

ஆப்பிரிக்கக் கிராமமொன்றிற்குச் சென்று ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் தொண்டர் என்றவுடன் நம் மனத்தில் எழுவது பெரும்பாலும் ஒரு வெள்ளைக்கார இளைஞரின் உருவம்தான். கையில் கரணை, பின்னணியில் அரைகுறையாய் எழும்பிய சுவர், சுற்றிலும் சிரிக்கும் குழந்தைகள். விடுமுறையில் சில வாரங்கள் போய்ச் செங்கல் சுமந்துவிட்டுத் திரும்பும் இப்பயணங்களைப் பற்றிப் பாராட்டாகவும் ஏளனமாகவும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டன. நாம் இங்கே பேச முற்படுவது அதற்கும் முந்திய ஒரு வரலாறு. ஆப்பிரிக்க மண்ணில் கூட்டாக வீடு கட்டிய தொண்டர்களில் தமிழர்கள் 1910ஆம் ஆண்டிலேயே இருந்தனர். அந்த வரலாற்றின் ஒரு கிளை பின்னாளில் நம் திண்டுக்கல் சமவெளியில், சிறுமலையைப் பார்த்தபடி நிற்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்தின் அருகே, காந்திகிராமத்தில் வந்து வேர்விட்டது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கையில் ஒரு கேள்வி விடாமல் தொடர்ந்து வருகிறது. கட்டுபவர் யார் என்பதைவிட, கட்டப்படும் வீடு யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதே அக்கேள்வி.

டிரான்ஸ்வால் அரசு ஆசியர்களைப் பதிவுசெய்யக் கொண்டுவந்த சட்டத்தை எதிர்த்து 1906இல் தொடங்கிய சத்தியாக்கிரகம், 1910வாக்கில் களைத்துப்போயிருந்தது. சிறை சென்றவர்களில் தமிழர் மிகுதி. சிறு வியாபாரிகளும் கூலிகளும் தலைச்சுமைக்காரர்களுமான அவர்கள் உள்ளே போனால் வெளியே குடும்பத்திற்கு வாடகை கொடுக்க ஆளில்லை. சிறைமுகாமிலிருந்து வெளிவந்தவுடன் 1909இல் சாமி நாகப்பன் இறந்தார். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிவந்து, கரையிறங்க இடந்தராமல் அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910 அக்டோபரில் இறந்தார். குடும்பங்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்பட்டுவந்தது. யாருக்கு எவ்வளவு என்பதில் நியாயம் செய்ய முடியவில்லை என்றும், கையிருப்பும் நெடுநாள் தாங்காது என்றும் காந்தி கண்டார். எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் குடியமர்த்துவதுதான் வழியென்று முடிவாயிற்று.

இடம் கொடுத்தவர் ஹெர்மன் காலன்பாக் என்னும் ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்திற்கு ஒரு மைல் அருகே, 1,100 ஏக்கர் பண்ணையை அவர் வாங்கி, வாடகையின்றிப் பயன்படுத்தக் கொடுத்தார். ஆயிரம் பழமரங்கள் அளவில் இருந்தன. இரண்டு கிணறுகளும் ஓர் ஊற்றும் இருந்தன. இருந்த வீடோ ஐந்தாறு பேருக்கு மேல் கொள்ளாதது. அதற்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிட்டார்கள்.

இனித்தான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. வீடுகளைக் கட்ட ஒப்பந்தக்காரரை அமர்த்தவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் திட்டமிடப்பட்டன. காலன்பாக் ஓர் ஐரோப்பியக் கொத்தனாரை அழைத்துவந்தார். குஜராத்தித் தச்சர் ஒருவர் கூலி வாங்காமலே வேலைசெய்து, மற்றத் தச்சர்களையும் குறைந்த கூலிக்கு வரவழைத்தார். மீதி வேலையனைத்தும் குடியிருக்கப்போகிறவர்களுடையது. கட்டி முடியும்வரை எல்லோரும் கூடாரங்களில் தங்கினர். சுவருக்கும் கூரைக்கும் தகரம். அளவு பார்த்து அறுத்து வந்த மரங்கள். ஆகவே இரண்டு மாதத்தில் வேலை முடிந்துவிட்டது. சுகாதாரத்தையும் சந்தைக்குச் சென்று பொருள் வாங்கிவரும் பொறுப்பையும் ஏற்றவர் தம்பி நாயுடு. மொரீஷியசில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் கற்காமலே தமிழ் பேசவும் எழுதவும் வல்லவரான அவர், ஜோகன்னஸ்பர்க் தமிழரின் முன்னணித் தலைவர். குஜராத், தமிழகம், ஆந்திரம், வடஇந்தியா எனப் பலநிலத்தவரும், இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி எனப் பல சமயத்தவரும் அங்கே வசித்தனர். சொந்த வேலையாக நகருக்குப் போகிறவர் நடந்தே போய்வர வேண்டும் என்பது பண்ணை விதி. விடியுமுன் இரண்டு மணிக்கே எழுந்து கிளம்புவார்களாம்.

தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பண்ணைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றவர் காந்தியே. கப்பல் பயணங்களிலும் சிறையிலும் ஜி.யு. போப்பின் கைந்நூலை வைத்துக்கொண்டு கற்ற தமிழ் அது; அந்நூலைத் தாண்டி அவர் சென்றதில்லை என்பதை அவரே எழுதியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருந்த தமிழ்ச் சிறுவர்கள் பேச்சுத்தமிழில் ஆசிரியரைவிடத் தேர்ந்தவர்கள். போப்பையர் தம் இலக்கணக் கைந்நூல் தென்னாப்பிரிக்கத் தகரக் கொட்டகையில் இவ்வாறு பயன்படும் என்று எண்ணியிருக்கமாட்டார்.

இந்தக் கூட்டுழைப்பை இன்றைய தொண்டுப் பயணங்களுக்கு முன்னோடி என்று பெருமை பேசிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். நிலம் காலன்பாக்கின் பெயரில் இருந்தது. 1885ஆம் ஆண்டின் டிரான்ஸ்வால் சட்டமொன்று, ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே இந்தியர்கள் நிலம் வாங்குவதைத் தடைசெய்திருந்தது. வெள்ளை நண்பர் ஒருவரின் பெயரின்றித் தம்பி நாயுடுவால் அந்தப் புல்வெளியில் ஒரு கம்பம்கூடச் சட்டப்படி நட்டிருக்க முடியாது. 1913இன் தொடக்கத்தில் பண்ணை கலைந்தது. ஆட்கள் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கும் சொந்த வாழ்க்கைக்குமாகப் பிரிந்து சென்றனர். கட்டியவர்களுக்கு வீடு மிஞ்சவில்லை. இதையும்விடக் கசப்பான செய்தி, அதே 1913 ஜூனில் நிறைவேறிய பூர்வகுடிகள் நிலச் சட்டம். தென்னாப்பிரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே கறுப்பின மக்களுக்கென வகுத்து, மற்ற இடங்களில் அவர்கள் நிலம் வாங்குவதை அச்சட்டம் தடுத்தது. அந்தப் பண்ணையின் வாசிகள் பட்டியலில் ஆப்பிரிக்கர் எவரும் இல்லை. ஆப்பிரிக்க மண்ணில் யூதரும் தமிழரும் குஜராத்தியரும் சேர்ந்து கட்டிய அந்த அருமையான வீட்டின் கதையில், மண்ணுக்குரியவர் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். இதைச் சொல்வது அந்த மனிதர்களின் தியாகத்தைக் குறைப்பதாகாது என்றே நாம் கருதுகிறோம்.

ஐரோப்பாவில் இத்தகைய தொண்டுக்கு அமைப்பு வடிவம் கொடுத்தவர் பியர் செரசோல் என்னும் சுவிஸ் பொறியாளர். முதல் உலகப்போரில் தரைமட்டமான வெர்தூன் பகுதியில், எஸ்ன் என்ற சிற்றூரில், 1920 குளிர்காலத்தில் சில நாடுகளின் தொண்டர்கள் கூடி மரவீடுகளை எழுப்பினர். நேற்றுவரை எதிரிகளாயிருந்த ஜெர்மானியரும் அவர்களில் இருந்தனர். கை நிறைய நல்லெண்ணம். ஆயினும் ஜெர்மானியர் அங்கிருப்பது உள்ளூர் அதிகாரத்தினருக்கு ஒவ்வவில்லை. 1921 வசந்தத்தில் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வீட்டை வேண்டுகிறவர் கட்டுகிறவரையும் வேண்டியாக வேண்டும் என்ற நியதி இல்லை.

அதே செரசோல் 1934 ஜனவரி 15 அன்று நேர்ந்த பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டுகளில் சில நண்பர்களை அழைத்துவந்து, முசாஃபர்பூர் வட்டாரத்தில் வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை மேட்டு நிலத்திற்கு மாற்றிக் கட்டும் வேலையில் ஈடுபட்டார். அங்கேயும் பொறியாளரின் பொறுமையைச் சோதித்தது செங்கல்லோ மூங்கிலோ அன்று. மேட்டு நிலம் கைக்கு வருவதுதான். ராஜேந்திர பிரசாத் தலைமையில் இயங்கிய நிவாரணக் குழுவின் பணக்கணக்கைக் காத்தவர் நம் தஞ்சாவூரில் பிறந்து, பிற்காலத்தில் மதுரைக்கருகே தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா. நிவாரணப் பணத்திலிருந்து தொண்டர்கள் தமக்கெனச் செலவிடும் அணாக்களுக்கும் கணக்குக் கேட்டவர் அவர். தொண்டரின் சோற்றுச் செலவு பாதிக்கப்பட்டவரின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற உணர்வு அவருக்கு இருந்தது. கடல்கடந்த பயணத்திற்கு ஒரு தொண்டர் கொடுக்கும் விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனார் எத்தனை நாள் வேலை செய்வார் என்று இன்று கேட்கப்படும் கேள்விக்கு, குமரப்பாவின் பேரேட்டில் எப்போதோ இடம் கிடைத்துவிட்டது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம், செல்வக் குடும்பத்தின் வசதிகளை விட்டு நெசவாளர்களும் கூலி விவசாயிகளும் வாழ்ந்த இச்சமவெளியைத் தேர்ந்தது இன்று வியப்பாகத் தோன்றலாம். அவர்களோடு இணைந்து நின்ற வெளிநாட்டவர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் என்னும் அமெரிக்கர். 1925இல் மதுரை மிஷனுக்குப் பாதிரியாராக வந்தவர். வைஸ்ராய்க்குக் காந்தியின் கடிதத்தைக் கொண்டுசென்ற ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் தங்கவைத்ததன் தொடர்ச்சியாக 1930இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். திரும்பி வந்து, 1944இல் மீண்டும் வெளியேற்றப்பட்டு, விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்தார். கதராடையோடு இந்த வட்டாரத்துக் கிராமங்களில் உழன்று, 1984இல் மறைந்தார். மூன்று வாரத் தொண்டரையும் இவரையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழியின் வறுமை என்றே சொல்ல வேண்டும்.

1960 டிசம்பரில் காந்திகிராமத்தில் போர் எதிர்ப்பாளர் சர்வதேச அமைப்பின் மூவாண்டு மாநாடு கூடியது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த அமைதிவாதிகள் அம்பாத்துரையில் ரயிலிறங்கிய காட்சியை இவ்வூரார் எப்படிப் பார்த்திருப்பர் என்று கற்பனை செய்துகொள்ளலாம். எல்லைகளைக் கடந்து செல்லும் ஓர் அமைதிப்படை வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்று, 1962 ஜனவரி முதல் நாள் லெபனானின் பிரும்மானாவில் உலக அமைதிப் படையணியாக உருவெடுத்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், மைக்கேல் ஸ்காட், ஏ.ஜே. மஸ்ட் மூவரும் கூட்டுத் தலைவர்கள். அதன் முதல் களம் ஆப்பிரிக்காதான். அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த டாங்கனிகாவின் தாருஸ்ஸலாமில், பயார்ட் ரஸ்டின், பில் சதர்லாண்ட் போன்றோர் முனைப்பில் ஒரு மையம் அமைந்தது. வட ரொடீசியாவுக்குள் விடுதலை அணிவகுப்பாக நடந்துசெல்லத் திட்டமிட்டனர். அரசியல் நிலைமை மாறவே அணிவகுப்பு நடக்கவில்லை. மையமும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆப்பிரிக்கர்கள் தம் விடுதலையைத் தாமே பேசி முடித்துக்கொண்டிருந்த வேளையில் வெளியாரின் அணிவகுப்புக்கு வேலை குறைவாகவே இருந்தது. அதே டாங்கனிகா பின்னர் டான்சானியா ஆயிற்று. ஜூலியஸ் நைரேரேயின் உஜாமா கொள்கை, சிதறி வாழ்ந்த உழவர்களைக் கூட்டுக் கிராமங்களில் குடியமர்த்த முயன்றது. விருப்பத்தின் பேரில் தொடங்கிய அது, 1973க்குப் பின் கட்டாயமாகி, இலட்சக்கணக்கானோர் தம் பழைய மனைகளை விட்டு நகர்த்தப்பட்டனர். மக்களுக்காகவே அமைந்த கிராமம், மக்கள் கேளாத கிராமமாயிற்று.

வீடு கட்டும் தொண்டுப் பயணங்களுள் உலகறிந்த ஒன்றும் ஏறத்தாழ இக்காலத்தில்தான் பிறந்தது. மில்லார்ட் ஃபுல்லர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1973 முதல் 1976 வரை ஜயர் நாட்டின், அதாவது இன்றைய காங்கோவின், ம்பண்டாகா நகரில் இலாபமும் வட்டியும் இல்லாத வீட்டுக்கடன் முறையைச் சோதித்துப் பார்த்தார். ஊர் திரும்பி 1976இல் அவர் தொடங்கியதுதான் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. வீடு பெறுகிறவர் தம் உழைப்பையும் தவணையையும் கொடுத்தாக வேண்டும் என்ற அதன் விதியை நாம் மதிக்கிறோம். தொண்டர்களின் படங்களில் அந்த விதி தெரிவதில்லை.

இவ்வளவையும் சொன்னது ஒருவரிடம் வந்து சேர்வதற்காக. கிருஷ்ணம்மாள் 1926இல் நம் மாவட்டத்தின் பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமற்ற தலித் குடும்பமொன்றில் பிறந்தவர். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல் என்பதால் அன்று அது மதுரை மாவட்டம். சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்துப் பட்டம் பெற்றார். 1930இல் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரியை விட்டு வெளியேறி, கெய்தானுடன் சேர்ந்து பணியாற்றிய சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். விடுதலை பெற்ற நாட்டில்தான் மணம் என்பது அவர்களது உறுதி. பின்னர் வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் இச்சமவெளியில் நிலம் கேட்டு நடந்தனர்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் சேரி அது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வழியாக நம் வாசகர்கள் அந்த மண்ணை அறிவர். செய்தி கேட்ட ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சைக்குச் சென்றனர். அங்கேயே பணியைத் தொடங்கினர்.

அந்தக் குடிசையைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். நம் பக்கம் கிடுகு என்பதை அங்கே கீற்று என்பர். மண்சுவர், கீற்றுக்கூரை, குனிந்து நுழையும் ஒரே வாசல். தீ பிடித்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். வெள்ளம் வந்தால் சுவர் கரையும். ஆனால் அதன் உண்மையான பலவீனம் கீற்று அன்று. குடிசை நிற்கும் மனை மிராசுதாருடையது. கூலி குறித்து வாய்திறந்தால் வேலையோடு வீடும் போகும். 1952இன் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் இந்த அச்சம் விலகவில்லை. குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டம், வெண்மணிக்குப் பிறகு, 1971இல்தான் இயற்றப்பட்டது. 44 உயிர்களுக்குப் பின் வந்த சட்டம் என்று அதைப் படிக்கையில் அதன் வறண்ட மொழி வேறுவிதமாக ஒலிக்கிறது. இந்நிலையில் அச்சேரிக்கு யாரேனும் வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து அழகான செங்கல் வீடுகளை எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிராசுதாரின் நிலத்தில் மிராசுதாருக்குச் செங்கல் வீடு கிடைத்திருக்கும்.

கிருஷ்ணம்மாள் இதைப் புரிந்துகொண்டிருந்தார் என்பதற்கு அவர் பணியின் வரிசையே சான்று. 1981இல் உழுவோர் நில உரிமை இயக்கமான லாஃப்டியை இருவரும் தொடங்கினர். நிலச்சுவான்தார்களிடம் பேசி, நிலத்தை விலைக்கு வாங்கி, வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்து, கூலிகள் சேர்ந்து உழைத்துத் தவணை கட்டுவது அதன் முறை. எரித்தவர்களின் வர்க்கத்தோடு எரிக்கப்பட்டவர்களின் சார்பில் விலைபேச உட்கார்வது எத்தகைய காரியம் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். இடதுசாரிகளுக்கு இதில் மாற்றுக்கருத்து இருந்தது. விலை கொடுப்பதே அநீதியை ஒப்புக்கொள்வது என்ற வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது. 2007 வரை ஏறத்தாழ 13,000 ஏக்கர் நிலம் 13,000 குடும்பங்களளவில் சேர்ந்தது. பத்திரங்கள் பெண்களின் பெயரில் பதிவாயின. குடித்துவிட்டு விற்றுவிடும் கணவன் என்ற அனுபவ அறிவும் இதற்குப் பின்னால் உண்டு.

வீடு இதன் பிறகுதான் வந்தது. விவசாய வேலை ஓய்ந்த மாதங்களில் இளைஞர்களுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் பயிற்றுவிக்கப்பட்டன. அந்தந்த ஊர் மண்ணிலேயே செங்கல் அறுத்து, சூளை வைத்து, குடிசை இருந்த இடத்தில் சுவர் எழுப்பும் முயற்சி தொடங்கியது. வானம் தோண்டவும் கல் சுமக்கவும் வீட்டுக்காரர்களே முன்நின்றனர். வெளிநாட்டு நண்பர்கள் பணத்தால் உதவியிருக்கின்றனர், அது மறைக்கத்தக்கதன்று. ஆனால் செங்கல் அறுத்த கைகள் அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் கைகள். 1910இல் லாலியில் நடந்ததும் இதுவே. அங்கே இல்லாத பத்திரம் இங்கே இருந்தது என்பதுதான் வேறுபாடு. 2008இல் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் லாஃப்டிக்கும் வழங்கப்பட்டபோதும், 2020இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோதும், குடிசைகளை வீடுகளாக்குவதைப் பற்றியே கிருஷ்ணம்மாள் பேசிக்கொண்டிருந்தார். ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் காந்திகிராமத்தில் காலமானார்.

இடையில் 2004 டிசம்பர் 26 வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலுக்கு இரையாயினர். உலகமெங்குமிருந்து பணமும் தொண்டர்களும் குவிந்தனர். ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. சில மீனவ ஊர்களில், அலையில் சேதமடையாத, நிழல்மரங்கள் சூழ்ந்த நல்ல வீடுகளும் புதிய வரிசைகளுக்காக இடிக்கப்பட்டன என்பதைக் கள ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கின்றனர். திண்ணை போயிற்று, வலை உலர்த்தும் இடம் போயிற்று, புங்கமும் பூவரசும் போயின. வீடு கட்ட வந்தவர்களுக்குக் காலி மனை தேவைப்பட்டது. மரங்கள் நின்ற மனை தடையாயிற்று.

அதே மாவட்டத்தின் உள்நாட்டுச் சேரிகளில், கடல் தொடாத ஆனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைநீர் புகும் குடிசைகளில், நன்கொடையாளர் கண்ணில் படாத குடும்பங்கள் இருந்தன. லாஃப்டியின் சூளைகள் பெரும்பாலும் அவர்களுக்காக எரிந்தவை. ஈரச் செங்கல் காய வெயில் வேண்டும். அறுவடை முடிந்து மழை தொடங்குமுன் கிடைக்கும் மாதங்கள் சில. பெண்கள் காலையில் வயலுக்குப் போய், பிற்பகலில் மண் குழைக்க வருவார்கள். ஒரு வீட்டுக்கான கல் சேர ஒரு பருவம் போதாமல் போனால், அறுத்த கல்லைக் கீற்றுப் போட்டு மூடிவைத்து, அடுத்த கோடைக்குக் காத்திருக்க வேண்டும். நிலம் அவர்களுடையது என்பதால் காத்திருக்க முடிந்தது.